பொன் உருக்கியாயிற்று, எல்லை மூடியாயிற்று

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனாலும் பாரிசின் லா சப்பலில் மரக்கறிக் கடை போட்டு நாலு பிள்ளைகளையும் படிக்க வைத்தவன். மூன்று கல்யாணங்களை என் சொல்லிலேயே நடத்தி முடித்தவன். கடைசி மகளுக்கும் அப்படித்தான் தொடங்கினேன். மாப்பிள்ளை கட்டாரில் பொறியியலாளர். கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு பாரிசுக்கு வருவார் என்பது ஏற்பாடு.

தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்கு மாப்பிள்ளை வீட்டில், அவர் இருக்க நடக்க வேண்டியது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஐயர் இரண்டு நாள் குறித்துத் தந்தார்: ஒன்று உடனே, மற்றது மாப்பிள்ளை வந்த பிறகு. முந்தியதை நான் எடுத்தேன். பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் மாப்பிள்ளையின் அக்கா வீட்டில், அவர் கைத்தொலைபேசித் திரையிலிருந்து பார்க்க, தாலிக்கான பொற்காசை உருக்கினோம்.

"பாத்தியே, கட்டாரையே இந்த அறைக்குள்ள கொண்டு வந்திட்டன்" என்று மனைவியிடம் சொன்னேன்.

பொன் உருக்கினால் பெண் தாலி ஏறும்வரை வாசல் தாண்டக் கூடாது. அது எங்கள் முறை. மருந்துக்கடையில் வேலை செய்யும் மகளும் எனக்காகக் கொன்ஜே, அதாவது விடுமுறை, எடுத்துக்கொண்டு எங்கள் நாலாம் மாடி வீட்டில் இருந்தாள்.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. சவூதி, எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து எல்லாம் சேர்ந்து கட்டாரோடு உறவை முறித்துவிட்டன. தரை, கடல், வானம் மூன்றையும் மூடிவிட்டன. கடைக்கு வந்தவர்களுக்கு நானே விளக்கம் சொன்னேன்:

"சின்ன நாடு தங்களைக் கேக்காமல் ஈரானோட கதைக்குது, தொலைக்காட்சி வைச்சுத் தங்களைப் பேசுது எண்டு பெரியாக்களுக்குக் கோவம். ஒரு கிழமையில சரி வரும்."

சரி வரவில்லை. அந்தக் கிழமைக் கடைசியில் மாப்பிள்ளை தொலைபேசி எடுத்தார். பாரிசுக்கு விமானம் இருக்கிறது, பறக்கத்தான் வழியில்லை. அவருடைய கபீல், அதாவது பொறுப்பேற்று வைத்திருக்கும் முதலாளி, சவூதிக்காரர். அவர் சம்மதிக்காமல் அப்போது அங்கிருந்து வெளிக்கிட முடியாது. பதினாலு நாளில் ஊர் திரும்பச் சொல்லி சவூதி அரசாங்கம் தன் ஆட்களுக்கு உத்தரவு போட, மனிதர் நாட்டுக்குப் போய்விட்டார். கட்டார் எண்ணைக் கண்டால் தொலைபேசியைத் தொடுகிறாரில்லை. தனக்கு என்ன வருமோ என்ற பயம்.

கடையில் ஒருவன் வாழைக்காய் பொறுக்கியபடி, "அண்ணை, சவூதி ராசாவுக்கு ஒருக்கா போன் அடிச்சுச் சொல்லுங்கோவன். உங்கட சொல்லைத் தட்ட மாட்டார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் சிரிப்பு இல்லை. மகள் யன்னலுக்கும் குசினிக்கும் நடந்தாள். குப்பை போடக்கூட இறங்க விடவில்லை அவள் தாய். கல்யாண நாள் மாப்பிள்ளை இல்லாமலே வந்து போனது. அடுத்தது ஆடி, நல்ல நாள் ஆவணியில்தான் என்றார் ஐயர். பொன்னை உருக்கினது உருக்கினதுதான், திருப்ப முடியாது என்றும் சொன்னார்.

மறுநாள் காலை மகள் சப்பாத்து மாட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்கை?"

"வேலைக்கு. கொன்ஜே முடிஞ்சுது." பிறகு பிரெஞ்சில் கடகடவென்று சொன்னாள்: முதலாளி அனுமதி தராவிட்டால் முறையிடக் கட்டாரில் ஒரு குழு இருக்கிறதாம். இணையத்தில் அவளே தேடிப் பிடித்து, மாப்பிள்ளையை அங்கே அனுப்பியிருக்கிறாளாம்.

"ரெண்டு மாசம் உள்ளுக்கை இருக்க ஏலாதப்பா. காசை உருக்கினது நீங்கள்."

தாய் கதவுக்குக் குறுக்கே நின்றாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஐயர், மாப்பிள்ளையின் அக்கா, கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். மனைவியின் கையைப் பிடித்து விலக்கினேன். மகள் படியிறங்கிப் போனாள்.

அந்தக் குழுதான் மாப்பிள்ளையை ஆவணிக்கு முன் அனுப்பி வைத்தது. அது பிறகு. அன்று காலை மனைவி அழுதுகொண்டே கேட்டாள்:

"சனம் கேட்டால் என்னத்தைச் சொல்லுறது?"

"நான்தான் போகச் சொன்னனான் எண்டு சொல்லு" என்றேன். சொல்லிவிட்டு, அன்று கடை திறக்கப் போகவில்லை.