ஜும்மா முடிந்து அடித்த கட்டளை

இன்று காலை மின்சாரம் போய் வந்தது. நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் கணினி தானாக எழுந்து, உள்ளே இருக்கும் இரண்டு டிஸ்க்குகளையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தது. உடனே எனக்கு நெய்ச்சோற்று வாசனை நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

பேட்டையில் காதர் பாய் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தார். ஒரு டிஸ்க் கெட்டுப்போனாலும் இன்னொன்றில் படம் இருக்கட்டும் என்று, அவருடைய லினக்ஸ் கணினியில் இரண்டு டிஸ்க்குகளை ஜோடி சேர்த்துக் கொடுத்திருந்தேன். வெள்ளிதோறும் ஜும்மாவுக்குப் போகுமுன் பாய் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார். திரும்பி வந்து போட்டால் ஜோடி சேராது, படங்களும் தெரியாது. நான் போய் ஒரு கட்டளை அடிப்பேன், சேர்ந்துவிடும்.

"கைராசிக்காரர் வே நீரு" என்பார். வீட்டிலிருந்து நெய்ச்சோறு வரும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும், எழும்போதே தானாகச் சேரும் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை. புகழ்ச்சியும் சோறும் யாருக்குக் கசக்கும்?

ஒரு வெள்ளிக்கிழமை நான் புன்னக்காயலில் நண்பன் வீட்டில் இருந்தபோது பாய் போன் செய்தார்.

"இங்கன ஒரு படத்தையும் காணல வே. ஒரு டிஸ்க்கக் கழத்தி அடுத்த கம்ப்யூட்டர்ல மாட்டுனேன். பார்மட் பண்ணணும்னு கேக்குது. பண்ணிரட்டுமா?"

"தொடாதீங்க பாய், அதுல உள்ளது அழிஞ்சிரும். நான் வாரேன்."

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். கடையில் ரபீக் என்கிற புதுமாப்பிள்ளை தன் கல்யாணப் படத்துக்காக உட்கார்ந்திருந்தார். வாசலில் கார் நின்றது.

"இன்னைக்கு தம்மாமுக்கு பிளைட்ணே. கல்யாணம் முடிஞ்ச பத்தாம் நாள் வாப்பா மவுத்தாயிட்டாங்க. அவங்க சிரிக்கது இதுல மட்டுந்தான் இருக்கு."

அப்பாவை இழந்தவர் முன் எனக்குக் கூசிப்போயிற்று. டிஸ்க்கைப் பழையபடி மாட்டிக் கட்டளையை அடித்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக விழுந்தது. பிறகு படம் வந்தது. மகனுக்குப் போட்ட மாலை காதில் சிக்கிக்கொள்ள, வாப்பா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ரபீக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்து அனுப்பியதும் முதல் வேலையாக அந்த வரியை எழுதினேன். கணினி எழும்போது முதலில் படிக்கும் தொகுப்பிலும் அதைச் சேர்த்தேன். பாயிடமே மெயினை மூன்று முறை அணைத்துப் போடச் சொன்னேன். மூன்று முறையும் தானாகச் சேர்ந்தது.

"அப்பம் இனி நீரு வரமாட்டீரா வே?" என்றார் பாய், முகம் லேசாக வாடி.

"சாப்பிட வருவேன் பாய்."

இப்போது அந்த ஸ்டூடியோ இல்லை. பாய் மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். கடையை மூடுமுன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, அவரவர் படத்தை அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதற்கு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. ஒரு கல்யாணமும் தொலையவில்லை.