சொட்டிய ஹீட்டர்

சிப்காட் வேலை முடிந்து அலுப்போடு வீட்டுக்கு வந்தேன். வாட்டர் ஹீட்டரின் அடியில் ஒரு வால்விலிருந்து தண்ணீர் சொட்டியது. பிளம்பிங் வேலைக்குப் புதிதாகப் போயிருந்த என் மைத்துனன் தனியாக வந்து அதற்கு மூடி போட்டு அடைத்தான்.

"இனிமே ஒரு சொட்டு வராது மாமா."

"உன் மேஸ்திரி பார்க்க வேண்டாமா?" என்று கேட்கக் கூச்சப்பட்டு இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை மனைவி குளிப்பதற்காக ஸ்விட்சைப் போட்டாள். சற்று நேரத்தில், லைசென்ஸ் வைத்திருக்கும் அவன் மேஸ்திரி சைக்கிளில் வேகமாக வந்தார். வால்வை அடைத்ததை மைத்துனன் அவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். வந்ததும் ஸ்விட்சை அணைத்தார்.

"அழுத்தம் ஜாஸ்தியானா வெளிய விடுற வால்வுங்க இது. அடைச்சா டேங்கே வெடிச்சிடும். புது ஆளு செஞ்சத நான் பாக்காம யாரும் ஸ்விட்ச் போடக் கூடாது."

மனைவி தோளில் துண்டோடு நின்றாள்.

இப்போதெல்லாம் மைத்துனன் எதைச் சரிசெய்தாலும், மேஸ்திரி வந்து பார்க்கும்வரை ஸ்விட்ச் பக்கம் யாரையும் விடுவதில்லை. தன்னை நம்பவில்லை என்று மைத்துனனுக்கு இன்னும் என்மேல் வருத்தம்தான். இருக்கட்டும்.