கால் எடுத்தால் நின்றுவிடும் கார்

சிக்னலில் கார் குலுங்கி அணைந்துவிடுகிறதே என்று, படூர் வீட்டு வாசலில் எஞ்சினின் காற்று வால்வைக் கழற்றிக் கழுவினேன். கரியும் பெட்ரோலும் கலந்த வாடை என்னைச் சின்ன வயசுக் கோவளத்துக்கே இழுத்துப் போய்விட்டது.

அப்பாவின் வாடகைக் காரும் இப்படித்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும், அப்புறம் தள்ள வேண்டும். அதனால் மதியச் சோற்றைக்கூட மிதித்தபடி சீட்டிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு சவாரிக்கு ஓடுவார். பொறுத்துப் பார்த்த அம்மா ஒருநாள் கார்க் கதவைத் திறந்தாள்.

"நவுரு. நான் மிதிச்சிகினு இருக்கேன், நீ உள்ள போய் உக்காந்து துன்னு."

மீன் குழம்புக் கையோடு அப்பா உள்ளிருந்து கத்தினார்: "மெதுவா மிதிடி! வண்டி கடலுக்குப் போயிடப் போவுது!"

அன்றிலிருந்து தினமும் அம்மாதான் மிதித்தாள்.

இப்போது வால்வை மாட்டி, வண்டியைக் கிளப்பி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எஞ்சின் நிற்காமல் சீராக ஓடியது. பக்கத்தில் நின்ற அம்மா, வால்வைத் துடைத்த கரித்துணியையே பார்த்தாள்.

"இம்மாந்தூண்டு அழுக்குதானா? நல்லவேளை, அந்தாளுக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா என்னை அந்த சீட்ல உக்கார வுட்டிருப்பாரா?"