கார் ஏறாத பாறை

விடிவதற்குள் கோவையிலிருந்து கிளம்பி, காளப்பநாயக்கன்பட்டியில் டீக்கு நிறுத்தினேன். கடைக்காரர் என் பழைய காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மலை ஏற எழுபது வளைவுங்க, மெதுவாப் போங்க" என்றார். வண்டி எழுபதையும் ஏறிவிட்டது. செம்மேட்டைத் தாண்டி, குண்டனி நாடு என்று அழைக்கப்படும் மலையூர்களில் ஒரு சிற்றூரில் கயிற்றைக் கண்டுதான் நின்றது. பலா மரத்துக்கும் ஒரு கல்லுக்கும் நடுவே கட்டியிருந்தார்கள். நான் தங்கவேண்டிய வீடோ கயிற்றுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கெதிரே தெரிகிறது. முழங்கால் வலிக்காரனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

வீட்டுக்காரி மல்லிகா ஓடி வந்தார். முப்பது வயதிருக்கும். கார் இதற்குமேல் வராது என்று சங்கடத்தோடு சொல்லி, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார்.

கயிற்றுக்கு அப்பால் தெரு என்று ஒன்று கிடையாது. அகலமான ஒரே பாறை. சுற்றிலும் அதைப் பார்த்தபடி வீடுகள். பாறை முழுக்கச் சாமையும் தினையும் காய்ந்துகொண்டிருந்தன. யாருடையது எதுவரை என்று ஒரு கோடுகூட இல்லை. வேடிக்கை பார்த்தபடி செருப்போடு தினையில் கால் வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு விவசாயி பெரியசாமி என் செருப்பையே பார்த்தார். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது விவரம் கேட்டேன். மலைக்கு ஆட்கள் வரத்து கூடியதும் அக்கம்பக்கத்து ஊர்களில் தானியம் காயவைக்கும் களமெல்லாம் சிமெண்டு பூசி, கார் நிறுத்தும் இடமாகிவிட்டதாம். இவர்கள் மட்டும் கூடிப் பேசி, பாறை பாறையாகவே இருக்கட்டும் என்று கயிறு கட்டினார்கள். அன்று மல்லிகாவும் சரி என்றவர்தான். பிறகு கையிலிருந்ததையெல்லாம் போட்டு, விருந்தினருக்காக இரண்டு அறை கட்டினார். வருகிறவர்கள் கயிற்றைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். இப்படியே போனால் அறையைப் பூட்டிவிட்டு, கணவர் வேலை பார்க்கும் திருப்பூருக்கே போகவேண்டியதுதான் என்றார். அன்று சாயங்காலம் ஊர் கூடுகிறது. பாறையின் ஓரமாகச் சிமெண்டு போட்டுக் கார் வர விடுங்கள் என்று கேட்கப்போகிறார். கூடவே கூடாது என்று நிற்பவர் பெரியசாமி.

மதியம் மல்லிகாவுக்குச் செம்மேட்டில் சாமான் வாங்கவேண்டியிருந்தது. என் காரிலேயே போனோம். கடையில் நிற்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. "என்ற சாமை போச்சுங்க" என்றார். வீட்டில் அள்ள ஆளில்லை.

வந்து பார்த்தால் பாறை கழுவிவிட்டதுபோல் வெறுமையாக இருக்கிறது. மல்லிகாவின் சாமை பெரியசாமி வீட்டுக்குள் பத்திரமாகக் கிடந்தது. மழை வந்தால் இங்கே என்னுடையது உன்னுடையது பார்ப்பதில்லையாம்; கைக்கு எட்டியதை அள்ளவேண்டியது. ஆனால் அவசரத்தில் மனிதர் தன் தினையையும் மல்லிகாவின் சாமையையும் ஒரே தார்ப்பாயில் அள்ளிவிட்டார். இரண்டும் கலந்துபோய்விட்டன. திருட்டுமுழி முழித்துக்கொண்டு நின்றார், பாவம்.

சாயங்காலம் ஈரப் பாறையிலேயே கூட்டம். மல்லிகா வாய் திறக்குமுன் பெரியசாமி எழுந்தார்.

"அந்தப் புள்ளைக்குப் பொழப்பு நடக்கோணுமுங்க. என்ற ஊட்டு முன்னால சிமெண்டு போட்டுக்கட்டும்."

எல்லாரும் மல்லிகாவைப் பார்த்தார்கள். கேட்க வந்தது கேட்காமலே கிடைத்துவிட்டது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. மல்லிகா எழுந்தார்.

"வேண்டாமுங்க. சிமெண்டு போட்டா கோடு வந்துரும். கோடு வந்துட்டா, மழைக்கு அவிங்க அவிங்களுதைத்தான் அள்ளுவாங்க."

தன் அறைக்கு வருகிறவர்களின் பெட்டியைக் கயிற்றிலிருந்து ஊரார் ஆளுக்கொரு கை தூக்கிக்கொடுத்தால் போதும் என்றார். கயிற்றைப் பற்றி இனி முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவாராம். ஆட்கள் வருவார்களா? அது யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை என் பெட்டியைப் பெரியசாமி விடாப்பிடியாகத் தூக்கி வந்தார். கோவையில் எங்கள் அடுக்குமாடியில் ஒவ்வொரு காருக்கும் மஞ்சள் கோடு உண்டு, எண் உண்டு. அடுத்த கோட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது.

கயிற்றருகே மல்லிகாவிடம், கலந்துபோன தானியத்தை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"ஏனுங்க பிரிக்கோணும்? ரெண்டு ஊட்லயும் அதையே பொங்கித் திங்கறோமுங்க."