புளிக்குப் போகாத துரு

"பொம்பளப் பசங்க அலமாரியில இருக்கிற கல்லை வெச்சு எழுதினா போதும்" என்றார் எங்கள் துறைத் தலைவர். எழுபதுகளின் கடைசி அது. எம்.எஸ்ஸி. நிலவியலில் நான் ஒருத்திதான் பெண். கூடப் படித்த பையன்கள் ஆளுக்கொரு சுத்தியலோடு மலை மலையாகச் சுற்ற, எனக்கு மட்டும் அலமாரிச் சாவி. திறந்து பார்த்தால், எங்கே எடுத்தது என்ற சீட்டு ஒரு கல்லில்கூட இல்லை. ஊர் பேர் தெரியாத கல் எதற்குச் சாட்சி சொல்லும்? வந்த கோவத்தில் சாவியை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டேன்.

"நானே போய் எடுத்துட்டு வர்றேன் சார்."

"எடுத்துட்டு வா. வெளியிலிருந்து வர்ற தேர்வாளர் நம்பணும். நம்பலைன்னா ஆய்வேடு செல்லாது, பட்டமும் கிடையாது. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அழுவேனா, நானா? பார்த்துடலாம் என்று கிளம்பினேன்.

ஒடுகத்தூர் சந்தைக்குப் புளி கொண்டுவரும் மலைக்கார அக்கா ஒருத்தி என் அம்மாவுக்கு நல்ல பழக்கம். ஜவ்வாது மலையில் அவள் வீட்டில் நாலு நாள் தங்கினேன். அவள் கொல்லைக்கு மேலே, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக ஒரு பாறை ஓடியது. காந்தத்தை வைத்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். நான் உடைப்பேன், அக்கா கூடையில் போட்டுச் சுமப்பாள். சாமைச் சோறும் அவளே போட்டாள்.

"இந்தக் கல்லுல இன்னாதான் இருக்குது பாப்பா?"

"எங்க தெரு அடிபம்புல தண்ணி அடிச்சா பளிச்சுனு இருக்கும்க்கா. குடத்துல வெச்சா சாயங்காலம் அடியில செவப்பா படிஞ்சிருக்கும். தண்ணியில கரைஞ்சிருந்த இரும்பு, காத்து பட்டதும் துருவா இறங்கிடுது. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி கடல் மொத்தமும் அந்த மாதிரிதான், இரும்பு கரைஞ்ச தண்ணி. நாம இழுக்கிற ஆக்ஸிஜன் அப்போ இல்ல. கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கடல்ல அதை வெளிய விட ஆரம்பிச்சுது. இரும்பு துருவாகி அடுக்கடுக்கா இறங்கிடுச்சு. அப்புறம் பூமிக்கடியில வெந்து கறுத்துப்போச்சு. அடுக்கு மட்டும் அழியல."

"மலைமேல கடலாம்! படிச்சா இப்டித்தான் ஆயிடுமா?" என்று சிரித்தாள்.

கல்லில் பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் எண் எழுதுவது எங்கள் வழக்கம். மருந்துக்கடையில் காயத்துக்கு வாங்குவோமே, அதே பிளாஸ்திரிதான். வரைபடத்தில் அந்த இடத்துக்கும் அதே எண் போடுவோம். அந்த எண் போனால் மறுபடியும் அலமாரிக் கல்தான்.

நாலாம் நாள் காலையில் ஓடையில் குளித்துவிட்டுத் திரும்புகிறேன். வாசலில் என் பதினோரு கல்லும் விளக்கி வைத்த பித்தளைச் சொம்பு மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்தில் புளிச்சக்கை, சாம்பல். உரித்துப்போட்ட பிளாஸ்திரி ஒரு குவியல்.

"கல்லுக்கு இன்னா காயமா, பிளாஸ்திரி போட்டு வெச்சிருக்க? ஊருக்கு எடுத்துனு போற சாமான், இப்டி துரு புடிச்சிருக்குதேன்னு தேச்சு வெச்சேன்."

"அடிப்பாவி அக்கா! என் பட்டம் போச்சே!" அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழமாட்டேன் என்று கிளம்பியவள்தான்.

அக்காவுக்குச் சுருக்கென்று கோவம் வந்துவிட்டது. "இன்னாத்துக்கு அழுவுற? தூக்கினு வந்தவ நானு. எது எங்க எடுத்ததுன்னு எனக்குத் தெரியாதா?"

"நீ சொன்னா ஆச்சா? யாருக்கா நம்புவாங்க?"

"என்னை நம்பாத. கல்ல நம்பு, எழுந்திரு." கூடையைத் தலையில் வைத்து விடுவிடுவென்று ஏறினாள்.

மேலே போய், முதல் கல்லைப் பாறையில் அது உடைந்துவந்த வாயில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. கறுப்புக் கோட்டோடு கறுப்புக் கோடு சேர்ந்தது. ஒவ்வொன்றாகப் பத்துக் கல் பொருந்தின; பொருந்திய இடத்தை வரைபடத்தில் பார்த்து எண்ணை மறுபடி எழுதிக்கொண்டேன். பதினோராவது மட்டும் மசியவில்லை. உடைந்த இடம் உதிர்ந்து கிடந்தது.

"இங்கதான் பாப்பா, சத்தியமா."

"பொருந்தலையேக்கா" என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டேன். ஒடுகத்தூர் பஸ் ஏற்றிவிடும்வரை அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

தேர்வு நாளன்று, வந்த தேர்வாளர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கல்லைப் புரட்டிப் பார்த்தார். "யாரும்மா எடுத்துக் குடுத்தது, அண்ணனா?"

எனக்கு அண்ணனே கிடையாது. "நான்தான் சார்" என்றேன்.

"இந்தக் கோடெல்லாம் நேத்து மழையில புடிச்ச துரு. இதை வெச்சுக்கிட்டுப் பழைய கடலைப் பத்திப் பேசறியா?"

"நேத்துத் துரு புளிக்கே போயிடுச்சு சார். இது போகல." பையிலிருந்து சுத்தியலை எடுத்து, ஒரு கல்லை அங்கேயே தரையில் வைத்து இரண்டாகப் பிளந்தேன். துறைத் தலைவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். உள்ளேயும் அதே கோடுகள். "இது ஒண்ணே முடிவான சாட்சின்னு நான் எழுதல சார். ஆனா மழை இவ்வளவு உள்ள வந்து கோடு போடாது."

அவர் வரைபடத்தை எடுத்தார். "புள்ளி பதினொண்ணு இருக்கு. கல் பத்துதான் இருக்கு?"

வசமாக மாட்டினாள் என்று துறைத் தலைவர் முகத்தில் ஒரு சிரிப்பு. எண் போனது, புளி, உடைந்த வாய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். "ஒண்ணு பொருந்தல, எறிஞ்சிட்டேன். யாரோ எடுத்துக் குடுத்திருந்தா பதினொண்ணையும் கொண்டாந்து வெச்சிருப்பேனே சார்? பஸ் ஏறி வாங்க. மிச்சத்தைப் பொருத்திக் காட்டறேன்."

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

கல்லை எல்லாம் அதே அலமாரியில் வைக்கச் சொன்னார்கள். எடுத்தவர் பெயருக்கு 'துறை' என்று எழுதினால் போதுமாம். நான் கடைக்குப் போய் ஒரு சின்ன டப்பா எனாமல் பெயிண்ட் வாங்கிவந்தேன். ஒவ்வொரு கல்லின்மேலும் எண், இடம், என் பெயர், அதற்குக் கீழே அக்கா பெயர்.

துறைத் தலைவர் குனிந்து படித்தார். "யாரு இந்த ரெண்டாவது பேரு?"

"சுமந்துட்டு வந்தவங்க சார்."

"அதை அழிச்சிடு."

"முடியாது சார். புளி போட்டுத் தேச்சாலும் போகாது."