மலைவீட்டில் ஒரு பனையோலைப் பெட்டி

மகள் பல்கலைக்கழகம் முடித்த கையோடு இமயமலைக்குப் போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பனியைப் பார்க்க விமானம் ஏறுவதா, கனடாவில் எங்கள் டோர்செட் பார்க்கில் வருடத்தில் ஐந்து மாதம் பார்ப்பது காணாதா என்று நான் கத்தினேன். அவளோ தேவதாருக் காட்டுக்கு நடுவே ஒரு கிராமத்தில், விருந்தினரை வீட்டோடு தங்க வைக்கும் ஒரு பெண்ணின் வீட்டில், நான்கு நாளைக்கு அறையும் பதிந்துவிட்டாள். பிறகென்ன, போனேன்.

வெளிக்கிடும்போதே அவளுக்கு ஒன்று சொல்லி வைத்தேன்.

"ஆர் கேட்டாலும் கனடா எண்டு சொல்லு. அதோட நிப்பாட்டு."

"ஒய், அம்மா? நீங்கள் ஜாஃப்னாதானே?"

"உந்தக் கதையெல்லாம் அங்க வேண்டாம்."

இந்தியாவில் இலங்கைத் தமிழர் என்று வாயைத் திறந்தால் அடுத்து என்ன கேள்வி வரும் என்று தெரியாது. கேள்வி வராமல் பார்த்துக்கொள்வதே எங்கள் சனத்தின் பழக்கம். எனக்கு அது எலும்பில் ஊறியது.

வீட்டுக்காரிக்கு அறுபது வயதிருக்கும். தனி ஆள், துணைக்கு ஒரு பசு. கனடாவில், மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் சமையற்கூடத்தில் எனக்கு வேலை. பக்கத்தில் நிற்கும் பஞ்சாபிப் பெண்களிடமிருந்து தொற்றிய இந்தி அங்கே கைகொடுத்தது. நான் அவளைத் தீதி என்றேன், அக்கா என்று அர்த்தம். முன்னறைச் சுவரில் ஒரு இளம் சிப்பாயின் படம், செவ்வந்தி மாலையோடு. மகனாக்கும், பாவம் என்று நினைத்து, கேட்காமல் விட்டேன்.

முதல் இரண்டு நாளும் மரங்களைத் தவிர வேறொன்றுமில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்தும் போனது. இங்கே கூட்டி வந்தது நல்லது என்று மகளிடமே சொன்னேன். அப்படியெல்லாம் நான் இலேசில் சொல்கிற ஆள் இல்லை.

மூன்றாம் நாள் காலை குசினியில் உட்கார்ந்திருந்தோம். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த தீதி, மேல்தட்டில் வால்நட் இருக்கிறது, எடு என்று மகளுக்குக் கை காட்டினாள். மகள் எடுத்ததைக் கண்டதும் என் தேநீர் மடியில் ஊற்றுண்டது. சுட்டதுகூடத் தெரியவில்லை. அவள் கையில் இருந்தது பனையோலைப் பெட்டி. மூடியில் ஊதாவும் பச்சையும் சாயமிட்ட ஓலை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் பனை என்று ஒரு மரம் இல்லாத அந்த மலையில்.

"அம்மா, இது எங்கட வீட்டுப் பெட்டி மாதிரியெல்லோ?"

"எங்கட ஊர்ப் பெட்டி," என்றேன். தமிழில் சொன்ன சூட்டோடு இந்தியிலும் சொல்லிவிட்டேன்.

தீதி அடுப்பிலிருந்து கல்லை இறக்கினாள். "நீங்கள் கனடா என்றீர்களே?"

"பிறந்தது இலங்கையில். யாழ்ப்பாணம்."

"ஜாஃப்னா," என்றாள். அவ்வளவு சுத்தமாகச் சொன்னாள். பிறகு முன்னறைப் படத்தைக் காட்டினாள். "என் வீட்டுக்காரர். அங்கேதான் அனுப்பினார்கள். ஒருமுறை லீவில் வந்தபோது இதைக் கொண்டுவந்தார். திரும்பிப் போனவர் வரவில்லை."

மகன் இல்லை, கணவன். என் மகளின் வயதிலேயே நின்றுபோன கணவன். எனக்குப் பன்னிரண்டு வயதில் எங்கள் தெருமுனையில், அமைதிப்படை என்று வந்த இந்தியச் சிப்பாய்கள் காவல் நின்றார்கள். அவர்களுக்கு ஒரு வீடும், அதில் ஒரு பெண்ணும் இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு அப்போது இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். சண்டைக்குள் மாதா கோயிலில் தஞ்சமிருந்துவிட்டு நாங்கள் திரும்பியபோது வீடு திறந்து கிடந்தது. அம்மாவின் தையல் மெசினைக் காணவில்லை. எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரியாமலேதான் கேட்டேன்.

"இதை அவர் காசு கொடுத்தா வாங்கினார்?"

இந்தி விளங்காவிட்டாலும் என் குரல் மகளுக்கு விளங்கியது. "அம்மா!" என்று கையைப் பிடித்தாள். ஒருத்தியின் அடுப்படியில் இருந்துகொண்டு, செத்துப்போன அவள் புருசனைப் பற்றி இப்படியும் கேட்பேன் என்று எனக்கே தெரியாது.

தீதி கோபிக்கவில்லை. "நானும் அதைத்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அதனால் சாமிக்கு வைக்கிற எதையும் இதில் போடுவதில்லை."

பிறகு தேநீருக்குச் சீனி காணுமா என்பதுபோல, விரலைத் துப்பாக்கியாய் நீட்டிக் காட்டி அவள் கேட்டாள். "உங்கள் வீட்டில் யாராவது துப்பாக்கி எடுத்தார்களா?"

"இல்லை," என்று தலையாட்டினேன்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் என் அண்ணாவின் படம் இருக்கிறது. அதே வருடங்களில் துவக்குத் தூக்கிப் போனவன், வரவில்லை. அவன் நினைவுநாளில் வருடாவருடம் மெழுகுதிரி ஏற்றுவது என் மகள். தீதி சைகையால் காட்டிய துப்பாக்கியும் என் தலையாட்டலும் அவளுக்குப் போதுமாயிருந்தன. பிடித்திருந்த என் கையை விட்டாள்.

"நல்லது," என்று தீதி என் தட்டில் சூடாக ஒரு ரொட்டி வைத்தாள். அதைச் சாப்பிட்டேன்.

வெளிக்கிடும் நாளில் பெட்டி நிறைய வால்நட் போட்டு, உங்கள் ஊர்ச் சாமான், நீங்களே வைத்திருங்கள் என்று என் பையில் திணித்தாள். பையை நானே இழுத்து மூடினேன். மலை இறங்கும் வாகனத்தில் மகள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ஷீ டோல்ட் த ட்ரூத், அம்மா. நீங்கள்தான் பொய் சொன்னனீங்கள்."

டோர்செட் பார்க்கில் அந்தப் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அண்ணாவின் படம் இருக்கிற அறையில் வைக்க முடியவில்லை. அலுமாரிக்குள் தள்ளினேன். அலுமாரியைத் திறக்கப் பயமாயிருந்தது. மூன்றாம் வாரம், ஞாயிறு பூசை முடிந்து வந்து, மகளின் போனை வாங்கித் தீதிக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்பினேன். "தீதி, நான் பொய் சொன்னேன். என் அண்ணா துப்பாக்கி எடுத்தான். அவனும் வரவில்லை. பெட்டியைத் திருப்பி அனுப்பவா?"

இரண்டு நாள் பதிலில்லை. வேலையில் கை ஓடவில்லை. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரம், தீதியின் குரல்பதிவை மகள் எனக்கு அனுப்பியிருந்தாள். கேள்வி ஒன்றுதான்: "அவனுக்கு என்ன வயது?"

"பத்தொன்பது," என்று அனுப்பினேன்.

"இவருக்கு இருபத்துமூன்று," என்றாள். பின்னால் பசு கத்தியது. அதட்டிவிட்டு மறுபடி பேசினாள். "பெட்டியை மாதம் ஒருமுறை வெயிலில் வையுங்கள். இல்லாவிட்டால் பூச்சி அரித்துவிடும்."