தயிர்சாதம் தின்ற பூனை

எங்கள் பூனைக்குக் கண் போனதற்கு நான்தான் காரணம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இப்போது பொறுமை இல்லை. என் மனைவி தனக்கும் பங்கு உண்டு என்பாள். ஆனால் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன் நான்.

எழுபதுகளின் கடைசியில் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். நான் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா, அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பிள்ளைகள் கிடையாது. முன்கட்டில் வீட்டுக்கார அம்மா, பின்கட்டில் நாங்கள். இரண்டு வீடும் சுத்த சைவம். முட்டை ஓடு குப்பையில் கிடந்தால்கூட அன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிடுவேன் என்று அந்த அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். எங்களுக்கு அதில் ஒரு கஷ்டமும் தோன்றவில்லை.

வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு டீச்சர், மஞ்சள் பைக்குள் வைத்து ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தார். வெள்ளையில் பழுப்புத் திட்டு. முதல் நாள் தயிர்சாதம் பிசைந்து வைத்தோம். நக்கி நக்கித் தின்றது. வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "எம்புட்டு சமத்தாச் சாப்பிடுது! எலி கிலி கவ்விக்கிட்டு வீட்டுக்குள்ள வராமப் பாத்துக்கங்க தம்பி" என்றார்.

நான் பார்த்துக்கொண்டேன். அதன் கழுத்தில் சலங்கை கட்டினேன். ஒருமுறை பல்லியைக் கவ்வி வந்தபோது, வாயைப் பிளந்து விரலை விட்டுப் பிடுங்கி எறிந்தேன். அதற்குப் பிறகு கதவைச் சாத்தி வீட்டுக்குள்ளேயே வளர்த்தோம். ஒரு வருஷத்தில் அதற்கு வெளியுலகம் மறந்துபோனது. ரசம் சாதம் தின்றது, பருப்பும் நெய்யும் தின்றது, வீட்டுக்கார அம்மா கொண்டுவந்த அழகர்கோவில் தோசையில் ஒரு துண்டும் தின்றது.

"எங்க வீட்டுப் பூனை சைவம்" என்று ஆபீஸில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வரச் சொன்னேன். வந்தார்கள். அவர்கள் முன்னால் தட்டை வைத்து, அது தின்பதைப் பார்த்து, மகன் பள்ளியில் முதல் மார்க் வாங்கியதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாம் வருஷம் அது மெலிய ஆரம்பித்தது. ரோமம் மங்கிப்போனது. "புரதம் பத்தலைங்க" என்றாள் மனைவி. அவள் வகுப்பறைச் சுவரில் ஒரு படம் தொங்கும். பருப்பு, பயறு, பால், நிலக்கடலை எல்லாம் வரிசையாக வரைந்து, மேலே புரதச் சத்து என்று எழுதியிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எங்கள் பூனைக்குச் சாப்பாடு தேர்ந்தெடுத்தாள். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்தாள். பொட்டுக்கடலை மாவைப் பாலில் கரைத்தாள். பால் பவுடர் தூவினாள். வைத்ததையெல்லாம் அது தின்று தீர்த்தது. அது தின்றதுதான் எங்களை ஏமாற்றியது.

பிறகு ஒரு நாள் ஜன்னலுக்குத் தாவியது, எட்டாமல் கீழே விழுந்தது. மறுநாள் தண்ணீர்க் குடத்தில் முட்டிக்கொண்டது. மத்தியான வெயிலில்கூட அதன் கண்மணி சுருங்காமல் வட்டமாக விரிந்திருந்தது. நான் அதைப் பார்த்து, "கண்ணு எம்புட்டு அழகா இருக்கு பாரு" என்று மனைவியிடம் சொன்னேன். அவள்தான் பயந்துபோய், மறுநாளே ஒயர் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

டாக்டர் டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"சாப்பாடு என்ன போடுறீங்க சார்?"

"சுத்த சைவம் சார்" என்றேன். அந்த நேரத்திலும் என் குரலில் பெருமை இருந்தது.

அவர் டார்ச்சைக் கீழே வைத்தார். "இது மாடு இல்ல சார், பூனை."

"பருப்பு, பால், பயறு எல்லாம் குடுக்கிறோமே சார். எல்லாம் புரதம்தானே?" என்றாள் மனைவி.

"உங்களுக்கும் எனக்கும் அது போதும்மா. பூனைக்குப் பத்தாது. கறியிலயும் மீன்லயும் இருக்கிற ஒரு சத்து பருப்புல கிடையாது. அது இல்லேன்னா கண்ணு போயிரும். இதையே இப்பத்தான் கண்டுபிடிச்சு எழுதிக்கிட்டிருக்காங்க. நீங்க வெளியிலயாவது விட்டிருந்தா, எலியப் பிடிச்சுத் தின்னு அதுவே பொழைச்சிருக்கும்."

பார்வை திரும்புமா என்று கேட்டோம். திரும்பாது என்றார். இதயமும் பலவீனமாக அடிக்கிறது, இனிமேலாவது கறி கொடுத்தால் உயிரையாவது பிடித்து நிறுத்தலாம் என்றார். ஆட்டு இதயத்தைக் கைமா போட்டுக் கொடுக்கலாம். மத்தி மீனை வேகவைத்து முள்ளெடுத்துக் கொடுக்கலாம். ஈரல் எப்போதாவது ஒரு துண்டு. கருவாடு வேண்டாம், உப்பு. வெங்காயமும் மசாலாவும் கூடவே கூடாது. அவர் சொல்லச் சொல்ல மனைவி தலையைக் குனிந்தபடி எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கறிக்கடை முன்னால் நின்றேன். கடைக்கார பாய் என் நெற்றி விபூதியைப் பார்த்தார். "யாருக்கு அண்ணே?" என்றார். பூனைக்கு என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இதயத்தைப் பொடிப்பொடியாகக் கொத்தி இலையில் மடித்துக் கொடுத்தார். வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. மனைவி பூனையைக் கூடையில் வைத்து எடுத்துவர, இருவரும் வைகை மணலில் இறங்கினோம். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் இல்லை.

இலையைப் பிரித்து அதன் முகத்தருகே வைத்தேன். முகர்ந்தது. பின்னால் நகர்ந்தது. ஈரத்தில் மிதித்ததுபோல் முன்காலை உதறிக்கொண்டது. பிறகு என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி மெல்லக் கத்தியது. பசித்தால் அப்படித்தான் கத்தும். அதற்கு வேண்டியது தயிர்சாதம்.

விடவில்லை, தினமும் போனோம். தயிர்சாதத்தில் கலந்து வைத்தோம். நாம் கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி சாதத்தை மட்டும் நக்கிவிட்டுக் கறியை ஒதுக்கியது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் தன் வீட்டில் மத்தி வேகவைத்து டிபன் பாக்ஸில் கொடுத்தார். அதையும் தொடவில்லை. ஒருநாள் பொறுமை போய், பல்லியைப் பிடுங்கிய இதே விரலால் அதன் வாயைப் பிளந்து கறியைத் திணித்தேன். துப்பிவிட்டு என் கையைக் கீறியது. அதுவரை அது யாரையும் கீறியதில்லை. "விடுங்க, போதும், விட்டுருங்க" என்று மனைவி மணலில் உட்கார்ந்து அழுதாள். வீட்டையாவது மாற்றியிருக்கலாம், வேறு ஏதாவது செய்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் தாங்கியது. கடைசியில் நாலடி நடந்தாலே வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கும்போது அவள் பக்கத்திலேயே செத்துக் கிடந்தது. அவள் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். வீட்டுக்கார அம்மா என்னை முன்கட்டுக்குக் கூப்பிட்டார். அவர் மடியில் ஒரு கறுப்புக் குட்டி இருந்தது. "உங்க பூனையப் பாத்துத்தான் தம்பி எனக்கும் ஆசை வந்துச்சு. அதே மாதிரி சைவமா வளக்கணும். எப்படிப் பழக்குனீங்க, சொல்லுங்க" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கண் போனது, இதயம் தளர்ந்தது, டாக்டர் சொன்னது, காலையில் கூடையோடு நாங்கள் எங்கே போனோம் என்பது. வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் சொல்லட்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என் மனைவியும் வந்து நின்று ஆமாம் ஆமாம் என்றாள். குட்டியை வெளியிலாவது விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது உங்க பூனைக்கு வந்த நோக்காடு தம்பி. சோத்தக் குத்தம் சொல்லாதீங்க. மூணு வருசமா வாரவங்க போறவங்கட்ட நீங்கதான சொன்னீங்க, சாதம் தின்னே எப்படி இருக்கு பாருங்கன்னு? கறியக் காட்டுனப்பகூட வாய வைக்கலன்னு இப்ப நீங்களே சொல்றீங்க. எம்புட்டுப் புண்ணியம் பண்ண சீவன்!"

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு கிண்ணம் கொண்டுவந்து தரையில் வைத்தார். குட்டி மடியிலிருந்து குதித்து ஓடிவந்து, வாலைத் தூக்கிக்கொண்டு தயிர்சாதத்தைத் தின்ன ஆரம்பித்தது.